அமெரிக்காவில் குடியேற்றமும் மதப் புரட்டும்

(பகுத்தறிவாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அமெரிக்காவில் அன்னிய நாட்டார் குடியேறுவதைப் பற்றியும், அதில் மதம் செய்கிற வேலையைப் பற்றியும் பேசவேண்டுமென்று கூட்டத்தார் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊர்ச் சங்கதியே மலைபோல் கிடக்கையில் கடலுக்கு அப்பாலுள்ள கதை எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஆனால் பிள்ளையையோ, மருமகனையோ அந்த நாட்டுக்கு அனுப்பிவிட்டு, டெலிபோன் மணி எப்பொழுது அடிக்குமென்று காத்துக்கொண்டிருக்கிறவர்கள் இக்கூட்டத்திலேயே பத்துப் பேராவது இருப்பீர்கள். இன்று காலை ரயிலடியில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, “ஐயா, அங்கேயும் மதம் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்களாமே, அது படித்தவர்கள் நாடாயிற்றே!” என்று கேட்டார். அவருக்கு ரயிலடியில் பதில் சொல்ல நேரமில்லை. அந்தப் பதிலைத்தான் இப்பொழுது சொல்லப் போகிறேன்.

தோழர்களே! அமெரிக்காவுக்குச் சட்டப் புஸ்தகத்தில் ஒரு முகமும், எலெக்ஷன் மேடையில் ஒரு முகமும் உண்டு. முதலில் நல்ல முகத்தைச் சொல்லிவிடுகிறேன். 1789-ல் அமுலுக்கு வந்த அவர்களது அரசியல் சட்டத்தின் 6-வது பிரிவில், சர்க்கார் உத்தியோகம் எதற்கும் மதப் பரீட்சை வைக்கக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். 1791-ல் செய்த முதல் திருத்தத்தில், எந்த மதத்தையும் சர்க்கார் மதமாக்குவதற்குச் சட்டம் செய்யக்கூடாது என்றும் எழுதினார்கள். 1797-ல் அவர்களுடைய செனட் சபை ஒரு மனதாக ஒப்புக்கொண்ட திரிப்போலி உடன்படிக்கையில், அமெரிக்க சர்க்கார் கிறிஸ்தவ மதத்தின்மேல் கட்டப்பட்டதல்ல என்ற வாசகம் இருக்கிறது. ராஜாவும் குருமாரும் கூட்டாளிகளாக இருந்து மக்களைச் சுரண்டியதை ஐரோப்பாவில் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள் செய்த வேலை இது. நம்மவர்கள் இதை மெச்சத்தான் வேண்டும்.

ஆனால் 1790-லேயே, யாரைப் பிரஜையாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு சட்டம் செய்தார்கள். “சுதந்திரமுள்ள வெள்ளையர்” மட்டுமே சேரலாம் என்றது அது. மதத்தைக் கேட்காதே என்று சொன்னவர்களே தோலைக் கேட்டார்கள். அன்று திறந்துவைத்த இந்த ஓட்டை வழியாகத்தான், வாசலில் நிறுத்தப்பட்ட மதமும் ஜாதியும் பின்பக்கமாக உள்ளே புகுந்தன.

வெள்ளையர்களாவது ஒருவரையொருவர் வரவேற்றார்களா? அதுவுமில்லை. பெஞ்சமின் பிராங்க்ளின் என்பவரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்று பரீட்சைக்கு வழி காட்டியவர், மகா அறிவாளி. அப்பேர்ப்பட்டவர் 1751-ல் எழுதிய ஒரு கட்டுரையில், பென்சில்வேனியாவில் வந்து குவிகிற ஜெர்மானியர்கள் நம் பாஷையையும் பழக்கத்தையும் ஏற்கமாட்டார்கள், நம்மைத்தான் ஜெர்மானியராக்கிவிடுவார்கள் என்று அழுதார். அதுமட்டுமா? ஜெர்மானியரில் பெரும்பாலோரும், ஸ்வீடன் தேசத்தாரும்கூட அவர் கண்ணுக்கு மாநிறமாய்த் தெரிந்தார்கள்! ஸ்வீடன்காரன் கறுப்பென்றால் நம்மையெல்லாம் அவர் எந்தக் கணக்கில் வைத்திருப்பாரோ தெரியாது. ஆனால் அவர் அறிவாளி என்பதற்கு அடையாளம், அந்த எண்ணத்திலேயே செத்துப் போகவில்லை. 1787-ல் அதே ஜெர்மானியப் பிள்ளைகளுக்காக லங்காஸ்டர் என்னுமிடத்தில் ஒரு கல்லூரி ஏற்பட்டபொழுது தன் கையிலிருந்து பணம் கொடுத்தார். அந்தக் கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

பிராங்க்ளின் குறிப்பாக யார்மேல் கோபித்தார் தெரியுமா? ஜெர்மனியில் பலத்தினேட் என்ற பகுதியிலிருந்து வந்த ஏழைகள்மேல். அதே பகுதியிலுள்ள கால்ஸ்டாட் என்ற சிற்றூரிலிருந்து 1885-ல் 16 வயதுப் பையன் ஒருவன் நியூயார்க்கில் வந்திறங்கினான். அவனுடைய பேரன்தான் டொனால்டு டிரம்ப். அவருடைய தாயாரும் 1930-ல் ஸ்காட்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவர். வந்தேறிகளால் நாடு கெட்டது என்று முழங்கி இரண்டு தடவை ஜனாதிபதி ஆனவரின் வீட்டுக் கதை இது.

அடுத்தபடியாக ஐரிஷ்காரர்கள் வந்தார்கள். இவர்கள் வெள்ளையர், இங்கிலீஷும் தெரியும், கிறிஸ்தவர்கள். இன்னும் என்ன வேண்டும்? ஆனால் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். ரோமாபுரிப் போப்புக்கு அடிமைகள், ஜனநாயகம் இவர்களுக்கு விளங்காது, போப்பின் கட்டளைப்படி ஓட்டுப் போட்டு நாட்டைக் காட்டிக் கொடுத்துவிடுவார்கள் என்று பிராடெஸ்டெண்டுப் பாதிரிகள் பிரசங்கம் செய்தார்கள். பலன் என்ன? 1834-ல் பாஸ்டன் பட்டணத்துக்கு அருகே சார்லஸ்டவுனில் கன்னியாஸ்திரீகள் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்திவந்த மடத்தை ஒரு கூட்டம் கொளுத்தியது. 1844-ல் பிலடெல்பியாவில் கலகம் நடந்தது, இரண்டு கோயில்கள் எரிந்தன, பலர் செத்தார்கள். காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படிக்கவேண்டிய பைபிள் பிராடெஸ்டெண்டு மொழிபெயர்ப்பா, கத்தோலிக்க மொழிபெயர்ப்பா என்பதுதான் சண்டை. அதாவது, ஒரே புஸ்தகத்தின் இரண்டு மொழிபெயர்ப்புக்காக மனிதன் மனிதனைச் சுட்டான். வடகலை நாமமா, தென்கலை நாமமா என்று காஞ்சிபுரத்து யானைக்காகக் கோர்ட்டு ஏறினவர்களுடைய நாட்டிலிருக்கிற நமக்கு இது விளங்கக் கஷ்டமில்லை.

பிறகு அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தது. 1845 முதல் பத்து வருஷத்துக்குள் சுமார் 15 லட்சம் பேர் அமெரிக்காவுக்கு ஓடிவந்தார்கள். அவர்களுக்கு எதிராகவே ஒரு கட்சி கிளம்பியது. முதலில் இரகசியச் சங்கமாயிருந்து, யாராவது விசாரித்தால் “எனக்கு ஒன்றும் தெரியாது” என்று சொல்லவேண்டும் என்பது அதன் விதி. அதனால் ஜனங்கள் அதற்கு ‘ஒன்றும் தெரியாதவர் கட்சி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பொருத்தமான பெயர்தான்! குடியேறினவன் 21 வருஷம் காத்திருந்த பிறகே பிரஜையாகலாம் என்பது அவர்கள் கோரிக்கை. 1854-ல் மசாசூசெட்ஸ் மாகாணச் சட்டசபையை அடியோடு பிடித்தார்கள். 1856-ல் முன்னாள் ஜனாதிபதி பில்மோரை நிறுத்தி, ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஓட்டு வாங்கினார்கள். ஆனாலும் அவர் ஜெயித்தது மேரிலண்டு என்ற ஒரே மாகாணத்தில்தான். ஆபிரகாம் லிங்கன் 1855-ல் தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், இவர்கள் கைக்கு அதிகாரம் போனால், எல்லா மனிதரும் சமம் என்ற வாக்கியத்தை நீக்ரோக்களும் அன்னியரும் கத்தோலிக்கரும் நீங்கலாக என்று திருத்திவிடுவார்கள். அப்படி ஒரு நாள் வந்தால், சுதந்திர வேஷம் போடாத ருஷ்யாவுக்கே போய்விடலாம் என்று எழுதினார்.

இவ்வளவு பயந்தார்களே, நடந்தது என்ன? அந்தப் பஞ்சத்தில் வந்த ஒரு ஐரிஷ் கூலியின் கொள்ளுப்பேரன் ஜான் கென்னடி 1960-ல் ஜனாதிபதியானார். அப்பொழுதும் அவர் ஹூஸ்டன் நகரத்தில் பாதிரிமார்கள் சபையில் போய் நின்று, நான் போப்பின் ஆளல்ல என்று வாக்குமூலம் கொடுக்க வேண்டியிருந்தது. 2020-ம் வருஷக் கடைசியில் சுப்ரீம் கோர்ட்டு ஜட்ஜுகள் ஒன்பது பேரில் ஆறு பேர் கத்தோலிக்கர். நாடு கவிழ்ந்துவிட்டதா? போப் வந்து அமெரிக்காவை ஆளுவார் என்று நூறு வருஷம் பயமுறுத்தினார்கள். 2025-ல் சிக்காகோவில் பிறந்த ஒரு அமெரிக்கர் ரோமாபுரிக்குப் போய்ப் போப்பாக உட்கார்ந்ததுதான் மிச்சம்!

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அடி வாங்கின மருமகள் மாமியாரானவுடன் அகப்பையைக் கையில் எடுப்பதுபோல், ஐரிஷ்காரர்களில் சிலர் தாங்கள் உள்ளே நுழைந்தவுடன் அடுத்து வந்தவனை விரட்டக் கிளம்பினார்கள். கலிபோர்னியாவில் 1877-ல் “சீனர் வெளியேற வேண்டும்” என்று மேடைக்கு மேடை கத்திய டெனிஸ் கியர்னி என்பவர் அயர்லாந்தில் பிறந்தவர். ரயில் பாதை போட மலையைக் குடைந்த சீனத் தொழிலாளிகளைப் பார்த்து, இவர்கள் வேறு மதத்தார், சடை வைத்திருக்கிறார்கள், நம்மோடு ஒட்டமாட்டார்கள் என்றார்கள். 1882-ல் சட்டமே செய்து சீனத் தொழிலாளிகளுக்குக் கதவைச் சாத்தினார்கள். அது 1943-ல் நீங்கும்போது கொடுத்த தாராளம், வருஷத்துக்கு 105 சீனர்.

நிற்க. நம் நாட்டாரின் கதைக்கு வருகிறேன். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான்.

இந்தியாவிலிருந்து முதலில் போனவர்களில் பெரும்பாலோர் பஞ்சாப் விவசாயிகள், அதிலும் பெரும்பாலோர் சீக்கியர்கள், கொஞ்சம் முஸ்லிம்கள். அமெரிக்காக்காரன் எல்லாரையும் சேர்த்து ‘இந்து’ என்றே கூப்பிட்டான். 1907 செப்டம்பரில் வாஷிங்டன் மாகாணத்துப் பெல்லிங்ஹாம் ஊரில், மரமறுக்கும் மில்களில் வேலை செய்த நூற்றுக்கணக்கான இந்தியர்களை வெள்ளைத் தொழிலாளிகள் ஒரே இராத்திரியில் அடித்து விரட்டினார்கள். 1917-ல் செய்த சட்டம் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதிக்கே கதவை அடைத்தது. ஆகவே முன்னமே உள்ளே போயிருந்தவர்கள் பிரஜா உரிமை கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார்கள்.

முதலில் ஒரு ஜப்பானியர் வழக்கைச் சொல்ல வேண்டும். தக்காவோ ஓசாவா என்பவர் இருபது வருஷம் அமெரிக்க மண்ணில் வாழ்ந்தவர். கலிபோர்னியா சர்வகலாசாலையில் படித்தவர். வீட்டில் இங்கிலீஷ்தான் பேச்சு. போனது கிறிஸ்தவக் கோயில். பிள்ளைகள் படித்தது அமெரிக்கப் பள்ளிக்கூடம். ஒட்டவேண்டும் ஒட்டவேண்டும் என்கிறீர்களே, இதைவிட ஒருவன் எப்படி ஒட்டுவான்? 1922 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, நீர் யோக்கியர்தான், ஆனால் வெள்ளையரல்ல. வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தார் என்று சொல்லி அனுப்பிவிட்டது.

அடுத்து பகத்சிங் திண்டு என்பவர் வந்தார். பஞ்சாபில் பிறந்த சீக்கியர்; 1913-ல் அமெரிக்கா போனவர்; மர மில்லில் உழைத்தவர்; 1918-ல் அந்நாட்டுப் பட்டாளத்தில் தலைப்பாகையோடேயே சேவகம் செய்தவர். அவருக்குப் பிரஜா உரிமை கொடுத்தார்கள், நாலே நாளில் பிடுங்கினார்கள்; இன்னொரு கோர்ட்டில் மறுபடியும் கொடுத்தார்கள். சர்க்கார் விடவில்லை, வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று.

அங்கே அவர் தரப்பில் என்ன வாதம் செய்யப்பட்டது? “நான் உங்கள் நாட்டில் உழைத்தேன், உங்களுக்காகத் துப்பாக்கி தூக்கினேன், தோலைப் பார்த்து மனிதனைப் பிரிக்கும் உங்கள் சட்டம் அநியாயம்” என்று வாதாடியிருந்தால் இன்று நாம் அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவோம். அப்படிச் சொல்லப்படவில்லை, தோழர்களே! நான் மேல்ஜாதி இந்து, ஆரிய இரத்தம், ஆகவே வெள்ளையன் என்று சொல்லப்பட்டது. அதோடு நின்றதா? இந்தியாவிலுள்ள ஆதிக்குடிகளை மேல்ஜாதிக்காரன் எப்படிப் பார்க்கிறான் என்றால், கலியாண விஷயத்தில் நீங்கள் நீக்ரோவைப் பார்ப்பதுபோலத்தான் பார்க்கிறான் என்றும் எழுதிக் கொடுத்தார்கள். அதாவது, “நீ ஒருவனை மிதிக்கிறாய், நானும் ஊரிலே ஒருவனை மிதிக்கிறேன், ஆகவே நாமிருவரும் ஒரே ஜாதி, என்னை உன் பந்தியில் உட்கார வை” என்பதே அந்த வாதத்தின் பொருள். ஜாதியில்லை என்று சொன்ன குருவின் மார்க்கத்தில் பிறந்தவருக்காக இப்படி எழுதப்பட்டது என்றால், ஜாதி விஷம் எவ்வளவு தூரம் பாய்ந்திருக்கிறது பாருங்கள்! கடல் தாண்டினால் ஜாதி போய்விடும் என்று நம் சாஸ்திரிகள் சொன்னார்கள். எங்கே போயிற்று? கோர்ட்டு வரைக்கும் கூடவே போயிற்று.

1923 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. மூன்று மாதத்துக்கு முன் ஜப்பானியரிடம் காக்கேசியனே வெள்ளையன் என்ற அதே கோர்ட்டு, அதே ஜட்ஜின் கையெழுத்தில், இப்பொழுது வேறு பாட்டுப் பாடியது. இனநூல்காரன் உன்னைக் காக்கேசியன் என்று சொல்லலாம். ஆனால் எங்கள் ஊர்ச் சாதாரண மனிதன் வெள்ளையன் என்று சொல்லும்போது உன்னை நினைப்பதில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் பிள்ளைகள் சீக்கிரம் எங்களோடு கரைந்துபோகிறார்கள், உன் பிள்ளைகள் கரையமாட்டார்கள் என்றது. ஆரிய இரத்தமென்ற பெருமையையும் கோர்ட்டு ஒப்பவில்லை. ஜாதிக் கட்டுப்பாடு கலப்பை முழுவதும் தடுத்துவிடவில்லை என்று சொல்லிவிட்டது. நம் ஊரில் புராணம் படித்து நாம் சொல்லிவருகிற உண்மையை, நியாயமில்லாத ஒரு தீர்ப்பின் நடுவில் அந்த ஜட்ஜு போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். இந்தத் தீர்ப்பை எழுதிய சதர்லண்டு யார்? இங்கிலாந்தில் பிறந்து, மார்மன் மதத்தில் சேர்ந்த தாய் தகப்பனால் சிறு குழந்தையாய் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டவர்!

ஆரியச் சீட்டைக் காட்டினதால் கதவு திறந்ததா? முன்னமே பிரஜைகளாயிருந்த இந்தியர்களிடமிருந்தும் உரிமையைப் பறிக்க சர்க்கார் கிளம்பியது. வைஷ்ணோ தாஸ் பாகாய் என்பவர் பெண்டு பிள்ளைகளோடு 1915-ல் வந்து, சான் பிரான்சிஸ்கோவில் கடை வைத்து, அமெரிக்கராகவே வாழவேண்டுமென்று 1921-ல் பிரஜையானவர். தீர்ப்புக்குப் பிறகு பிரஜா உரிமை போயிற்று. அன்னியனுக்கு நிலமில்லை என்ற மாகாணச் சட்டத்தால் சொத்துப் போயிற்று. ஊருக்கு ஒரு தடவை போய்வர அமெரிக்கப் பாஸ்போர்ட்டும் இல்லையென்றார்கள். வெள்ளைக்காரன் ஆட்சி வேண்டாமென்று வந்தவரை, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டு வாங்கிக்கொள் என்றார்கள். 1928-ல் அவர் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு உயிரை மாய்த்துக் கொண்டார். ஓசாவாவும் பாகாயும் ஒட்டாதவர்களா? ஒட்ட வந்த கையை வெட்டிவிட்டு, இவன் கை கொடுக்கவில்லை என்பது எந்த நியாயம்?

1924-ல் இன்னொரு தந்திரம் செய்தார்கள். ஒவ்வொரு தேசத்தாரும் 1890-ம் வருஷ ஜனக்கணக்கில் எத்தனை பேர் இருந்தார்களோ அதில் நூற்றுக்கு இரண்டு பேரே வருஷத்தில் வரலாம் என்றார்கள். பழைய கணக்கை ஏன் எடுத்தார்கள்? இத்தாலியக் கத்தோலிக்கரும், கிழக்கு ஐரோப்பிய யூதரும் பெருவாரியாக வந்தது 1890-க்குப் பிறகு. சட்டத்தில் மதத்தின் பெயரே கிடையாது. வேலை மட்டும் மத வேலை. இதன் பலனை 1939-ல் உலகம் பார்த்தது. ஹிட்லரிடமிருந்து தப்பி ‘செயிண்ட் லூயி’ என்ற கப்பலில் வந்த தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட யூதர்களைக் கியூபாவும் இறக்கவில்லை, அமெரிக்காவும் இறக்கவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்குத் திரும்பியது. அவர்களில் 254 பேர் பிறகு மடிந்தார்கள். கணக்குப் புஸ்தகத்தில் இடமில்லை என்று சொல்லிக் கொன்ற கொலை அது.

1946-ல் இந்தியருக்குப் பிரஜா உரிமையும், வருஷத்துக்கு 100 பேர் வர அனுமதியும் கிடைத்தன. அந்தச் சட்டத்தால் 1949-ல் பிரஜையான தலிப் சிங் சௌந்து என்ற சீக்கியர் 1956-ல் அமெரிக்கக் காங்கிரசுக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். கரையமாட்டான் என்று ஜட்ஜு எழுதி 33 வருஷந்தான் ஆகியிருந்தது. 1965-ல் தேசவாரிக் கணக்கையே ஒழித்தார்கள். நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அங்கே எஞ்சினீயராகவும் டாக்டராகவும் போனது அதற்குப் பிறகுதான். அந்த வாசலை, கறுப்பு மக்கள் அடிபட்டு உதைபட்டு நடத்திய சம உரிமைப் போராட்டத்தின் வேகம் திறந்தது. நம் ஆரியப் பெருமை திறக்கவில்லை. அங்கே போய்க் கறுப்பரை இளக்காரமாகப் பேசுகிற நம்மவர்கள் இதை ஒரு நிமிஷம் யோசிப்பார்களாக.

இன்றைய சங்கதி என்ன? 2015 டிசம்பரில் டிரம்ப், முஸ்லிம்கள் ஒருவரையும் நாட்டுக்குள் விடக்கூடாது என்று பகிரங்கமாகச் சொன்னார். 2017 ஜனவரியில் ஜனாதிபதியானவுடன் ஏழு தேசத்தாரைத் தடுத்து உத்தரவு போட்டார். ஏழும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாயுள்ள தேசங்கள். உத்தரவில் மதத்தின் பெயர் கிடையாது. 1924-ன் தந்திரந்தான்! திருத்தி எழுதிய உத்தரவை 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் ஒப்புக்கொண்டது. 2021-ல் அடுத்த ஜனாதிபதி அதை ரத்துச் செய்தார். 2025-ல் டிரம்ப் திரும்பி வந்து அகதிகளை அடியோடு நிறுத்தினார். ஆனால் மே மாதத்தில் தென்னாப்பிரிக்கா வெள்ளையர் 59 பேரைத் தனி விமானத்தில் வரவழைத்தார்கள். இவர்களுக்கு மட்டும் ஏன் என்று கேட்டதற்கு, வரவேற்கப் போன ராஜாங்க இலாகா உதவி மந்திரி, இவர்கள் நம் நாட்டோடு சுலபமாக ஒட்டிப்போவார்கள் என்பதும் ஒரு காரணம் என்றார். 1751-ல் பிராங்க்ளினும், 1923-ல் சதர்லண்டும் பேசிய அதே பேச்சு. ஓசாவா இருபது வருஷம் ஒட்டியும் ஒட்டவில்லை. இவர்கள் விமானத்தை விட்டு இறங்குவதற்கு முன்பே ஒட்டிவிட்டார்கள்!

இதற்குள் ஒரு தோழர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். “மதமே கூடாது என்கிற நீங்கள் முஸ்லிமுக்கும், இந்துவுக்கும், கத்தோலிக்கருக்கும் ஏன் வக்காலத்து வாங்குகிறீர்கள்?” என்று கேட்கிறார். நல்ல கேள்வி. டெக்சாஸ் மாகாணத்தில் 2024-ல் 90 அடி உயரத்தில் ஒரு அனுமான் சிலை வைத்தார்கள். மறு வருஷம் அங்கே செனட் பதவிக்கு நிற்க வந்த ஒருவர், இது கிறிஸ்தவ நாடு, பொய்ச் சாமிக்கு இங்கே என்ன வேலை என்று எழுதினார். என்னைக் கேட்டால், அவ்வளவு பணத்தைக் குரங்கு பொம்மைக்குக் கொட்டினது புத்திகெட்ட வேலை என்பேன். வைத்தவர்கள் முகத்துக்கு நேரே சொல்லுவேன். ஆனால் அதைத் தடுக்க சர்க்கார் கையில் கோலைக் கொடுக்க ஒப்பமாட்டேன். ஏனென்றால், இன்று அனுமானை அடிக்கிற அந்தக் கோல் நாளைக்கு என் முதுகில்தான் விழும். மேரிலண்டு மாகாணத்தில் சர்க்கார் பதவி ஏற்கிறவன் கடவுள் உண்டு என்று சத்தியம் செய்யவேண்டும் என்ற விதி 1961 வரைக்கும் இருந்தது. டோர்காசோ என்ற நாஸ்திகர் சத்தியம் செய்ய மறுத்துச் சுப்ரீம் கோர்ட்டு வரை போய்த்தான் அதை ஒழித்தார். அவரைக் காப்பாற்றினதும், 2007-ல் கீத் எல்லிசன் என்ற முஸ்லிம் அங்கத்தினர் தாம் விரும்பிய குர்ஆனைத் தொட்டுப் பிரமாணம் செய்துகொள்ள இடங்கொடுத்ததும் மதம் பேசாத ஒரே சட்டந்தான். அந்தக் குர்ஆனும், அந்நாட்டின் மூன்றாவது ஜனாதிபதி ஜெபர்சன் விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தது!

அதே சட்டத்தின் நிழலில் வாழ்கிற நம்மவர்கள் அங்கே என்ன செய்கிறார்கள் என்பதைச் சொல்லிவிட்டு உட்காருகிறேன். திண்டு அமெரிக்கா போன அதே 1913-ல் இன்னொரு இந்தியரும் அங்கே இறங்கினார். அவர்தான் டாக்டர் அம்பேத்கர். 1916-ல் கொலம்பியா சர்வகலாசாலையில் ஜாதியைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். இந்துக்கள் உலகத்தின் மற்றப் பாகங்களுக்குக் குடிபோனால் ஜாதியும் உலகப் பிரச்னையாகிவிடும் என்று கேட்கர் என்பவர் எழுதியதை அதில் எடுத்துக்காட்டினார். ஒருவர் ஜாதியைப் பாஸ்போர்ட்டாகக் காட்டினார். ஒருவர் அதை வியாதியென்று காட்டினார். 

சரியாக 107 வருஷம் கழித்து, 2023 பிப்ரவரியில், சியாட்டில் நகரசபை ஜாதி வித்தியாசம் பாராட்டுவதைத் தடுத்துச் சட்டம் செய்தது. அமெரிக்க நகரங்களில் அதுவே முதல். வெள்ளைக்காரனுக்கு ஜாதி ஏது? நம்மவர் கொண்டுபோனதற்காகத்தானே அந்தச் சட்டம்? அதே வருஷம் கலிபோர்னியாச் சட்டசபையும் அப்படியொரு மசோதாவை நிறைவேற்றியது. இந்துச் சங்கங்கள் சில, இது எங்களை அவமானப்படுத்துகிறது என்று எதிர்த்தன. இருக்கிற சட்டமே போதுமென்று கவர்னர் அக்டோபரில் அதைத் தள்ளிவிட்டார். வெள்ளைக்காரன் நிறம் பார்த்தால் அநியாயம் என்று கோர்ட்டுக்குப் போகிறவர்கள், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற தமிழனையோ தெலுங்கனையோ பார்த்து, நீ எந்த ஊர், எந்தத் தெரு, மாமிசம் சாப்பிடுவாயா என்று சுற்றிவளைத்துக் கேட்கிறார்களே, அது என்ன?

காலையில் ரயிலடியில் கேட்ட பெரியவர் இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய பையன் அங்கே இருக்கிறானாம். ஐயா, மதம் பார்த்து விடுகிறார்களா என்று கேட்டீர்கள். பார்க்கிறார்கள், பார்க்கக் கூடாது என்று சொல்லிச் சண்டை போடுகிறவர்களும் அங்கேயே இருக்கிறார்கள். அடுத்த தடவை பையன் டெலிபோனில் பேசும்போது, அவன் குடியிருக்கிற வீட்டில் யார் யார் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று மட்டும் விசாரித்து, நான் திரும்ப இந்த ஊருக்கு வரும்போது எனக்குச் சொல்லுங்கள்.